ஒற்றை விரலுக்கு எரிந்த விளக்கு

சபோஹத் கூரைமேல் ஏறியது புகைபோக்கியை அடைத்துக்கொண்டிருந்த குருவிக்கூட்டை எடுக்கத்தான். கூட்டைப் பிய்த்துக் கையில் எடுத்தபோதுதான், கீழே தன் வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு நபிஜான் வந்து நிற்பதைக் கண்டாள்.

நபிஜான் இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். சட்டைக் கையைச் சற்றே ஏற்றிக்கொண்டான். பிறகு ஒரே ஒரு விரலை நீட்டி, தேநீருக்கு நீர் கொதிக்கும் சமோவார் சுடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பவனைப் போல, மரக்கதவை இரண்டு முறை தொட்டான். உதடு அசைந்தது. காது போன நாளிலிருந்து ஊரார் உதடுகளைப் படித்தே பிழைத்து வந்தவள் சபோஹத். கூரையிலிருந்தும் அவளால் படிக்க முடிந்தது; அக்கா என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டான். 'சபோஹத் அபா, தண்ணி வந்திருச்சு.' தொட்டிலில் உறங்கும் பிள்ளை எழுந்துவிடக் கூடாதே என்று கவலைப்படுகிற முகத்தோடு அதைச் சொன்னான். சொல்லிவிட்டு நெஞ்சில் கை வைத்து, வானத்தைப் பார்த்து, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, தொழுகை முடித்து வருகிறவனின் நடையில் மடையை நோக்கி நடந்தான்.

சபோஹத்துக்கு ஏணியில் கால் நிலைக்கவில்லை. இறங்கி, முற்றத்தைக் கடந்து, கதவைத் திறந்து அவள் தெருவுக்கு வருவதற்குள் அவளுடைய கிளை வாய்க்காலின் வாயில் சேறு அப்பியாகிவிட்டது. தண்ணீர் திரும்பவும் நபிஜானின் வெங்காயத் தோட்டத்துக்குள் குதித்தோடிக்கொண்டிருந்தது.

"வாங்க அபா, வாங்க!" என்றான் நபிஜான், வாயை அகலத் திறந்து, அவளுக்குப் புரியட்டும் என்று. "கூப்பிட்டேன், வரல. முறை போயிருச்சே! என்ன பண்றது, எழுதி வச்சது அவ்வளவுதான்."

இஸ்ஃபாரா ஊரின் அந்தத் தெருவில் தண்ணீர் முறை பழையது. ஒருவன் தோட்டம் நனைந்ததும், அடுத்த வீட்டு வாசலில் போய் நின்று, கதவைத் தட்டி, பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டும் வராதவனின் முறை, கூப்பிட்டவனுக்கே போய்விடும். ஒரு சுற்று தெருவின் மேல்முனையிலிருந்து கீழே வரும், அடுத்த சுற்று கீழ்முனையிலிருந்து மேலே போகும். அதனால் யாரும் எப்போதும் முதல் ஆளாக இருக்க முடியாது. பம்பு நிலையத்தில் மின்சாரம் இருந்தால் இன்று தண்ணீர், இல்லாவிட்டால் நாளையோ மறுநாளோ. நாள் முழுக்க வாசலில் உட்கார்ந்து காவல் காக்கவும் பார்த்தாள் சபோஹத். தந்தூர் அடுப்பில் ரொட்டி ஒட்ட உள்ளே போய் வருகிற நேரம் போதும், முறை பறிபோயிருக்கும்.

இரண்டு கோடையாக, மேலிருந்து கீழே வரும் சுற்றிலெல்லாம் இப்படித்தான்; மற்றச் சுற்றின் தண்ணீர் மட்டும் மரங்களுக்குப் போதவில்லை. அவள் தன் செவிட்டுக் காதையே நொந்துகொண்டாள். ஊசி போட்டுக் காதைக் கெடுத்த வைத்தியரைத் திட்டினாள், ரஷ்யாவில் கிரேன் ஓட்டும் கணவனைத் திட்டினாள், விதியைத் திட்டினாள். ஆப்ரிகாட் மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து வந்தன. போன வருடம் அவள் உலர்த்தி எடுத்த பழங்களைப் பார்த்து, சந்தைக்கு வந்த மொத்த வியாபாரி ஒருவன், "என்ன அபா, சட்டைக்குப் பொத்தான் விக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான். இந்த வருடமும் காய் பருக்கும் நேரத்தில் தண்ணீர் இல்லையென்றால் மரங்கள் விறகுதான். மரம் போனால் சந்தையில் அவள் கடையும் போகும்.

காது கேளாதது காரணமில்லை, அந்த ஒற்றை விரல்தான் காரணம் என்று இன்றைக்குத் தெரிந்தது. சபோஹத்துக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஒருவித நிம்மதி. கடனாளி யாரென்று தெரிந்துவிட்டால் வியாபாரிக்கு வருமே, அந்த நிம்மதி. அதன் பின்னாலேயே வந்தது பல்லைக் கடிக்கிற ஆத்திரம்.

நேரே மிரோப் வீட்டுக்குப் போனாள். தெருவுக்குத் தண்ணீர் முறை வைக்கிற மிரோப், ஷோதி என்ற பெரியவர். அதிகம் அசையாத மனிதர். அவரை அசைக்கத் தண்ணீரால் மட்டும்தான் முடியும் என்பார்கள்.

"கண்ணால பாத்தேன்! கூரையில இருந்து பாத்தேன்! பூனைக்குட்டியத் தடவுற மாதிரி கதவத் தடவிட்டுப் போறான்!" என்று கத்தினாள். தன் குரலின் அளவு தனக்குத் தெரியாததால் அவள் பேச்சு எப்போதும் கத்தலாகவே இருக்கும்.

"மெதுவா அபா, வாய்க்கால்ல இருக்குற தவளையெல்லாம் ஓடுது," என்றார் ஷோதி. நபிஜானைக் கூப்பிட்டனுப்பினார்.

நபிஜான் வந்தான். அங்கே விரிப்பின் மேலிருந்த ரொட்டியை இரு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றினான். "இந்த ரொட்டி சாட்சி. இவங்க வாசல்ல போய் நின்னேன். கதவத் தட்டினேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். இதுல ஒரு சொல்லு பொய்யின்னாலும் இந்த ரொட்டி என் கண்ணப் பறிக்கட்டும்."

"தட்டுனது எப்படி? அதச் சொல்லு!"

"வழக்கம் தட்டச் சொல்லுது. எவ்வளவு பலமான்னு சொல்லலியே. அடுத்தவங்க வீட்டுக் கதவ உடைக்கிற குணம் எனக்கு இல்ல."

ஷோதி தாடியைத் தடவினார். "அவன் சொல்றது சரிதான். வழக்கத்துல அளவு இல்ல. அத மாத்தணும்னா தெருவே கூடி உக்காரணும். அறுவடை முடியட்டும், பேசுவோம்."

அங்கேதான் நபிஜானின் கெட்டிக்காரத்தனம். பொய் சொல்லிப் பிழைப்பவன் என்றைக்காவது ஒரு நாள் மாட்டிக்கொள்வான். நபிஜான் பொய்யே சொல்ல மாட்டான். உண்மையை மாவு சலிப்பதுபோலச் சலித்து, தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துப் பரிமாறுவான். ரொட்டிமேல் சத்தியம் செய்ய வேண்டி வரும் என்று தெரிந்தே ஒவ்வொரு முறையும் சிரமப்பட்டு வாசல் வரை வந்து, நின்று, தொட்டுவிட்டுப் போனான்.

வீடு திரும்பும்போது சபோஹத் தனக்குள் சொல்லிக்கொண்டாள்: இவன் வருகிறான். வராமல் இருக்க மாட்டான். வருகிறவனைப் பிடிக்க முடியும்.

மறுநாள் சந்தையில், கார் மின்சார வேலை பார்க்கும் கய்யூமின் கடைக்குப் போனாள். ஒரு பழைய ஜிகுலி காரின் அடியிலிருந்து அவன் கால் மட்டும் நீண்டிருந்தது. காலை உதைத்தாள்.

"யாருடா அது?" என்று வெளியே வந்தவன், அவளைப் பார்த்ததும் உதட்டை நன்றாக அசைத்துப் பேசினான். "அபாவா? கார் வாங்கிட்டீங்களா, இல்ல காலை உடைக்க வந்தீங்களா?"

"என் வாசல்ல ஆள் வந்தா எனக்குத் தெரியணும். காதுக்கு வேணாம். கண்ணுக்கு."

"அழைப்பு மணிக்குப் பதிலா விளக்கு. அவ்வளவுதானே? ரெண்டு நாள்ல செஞ்சுடலாம். வெலை..."

"வெலைய அப்புறம் பேசுவோம். கரண்ட் போனாலும் எரியணும். நான் பார்க்காத நேரம் வந்துட்டுப் போனாலும் எரிஞ்சுக்கிட்டே இருக்கணும். பாக்குறவங்க கண்ணு கூசணும்."

"இதென்ன அழைப்பு மணியா, போலீஸ் வண்டியா?"

"எனக்கு வேண்டிய ஆளுக்குப் போலீஸ் வண்டிதான் சரி."

கய்யூம் மண்டையைச் சொறிந்தான். பிறகு அவன் கண்ணிலும் கொஞ்சம் குறும்பு ஏறியது. ஜிகுலிகளிலிருந்து கழற்றிய மஞ்சள் நிறத் திருப்ப விளக்குகள் மூன்றும், அவை விட்டுவிட்டு எரிவதற்கான சிறு டப்பாவும், காரின் பழைய பேட்டரி ஒன்றும் எடுத்துவந்தான். வாசற்கதவில் வைத்த பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும். உள்ளே இருப்பவர் அணைக்கும் வரை விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். சமையலறையில் ஒன்று, பழம் பிரிக்கும் கொட்டகையில் ஒன்று, தந்தூருக்கு மேல் ஒன்று. அவன் பொத்தானை அழுத்திக் காட்டியதும் சபோஹத்தின் சமையலறை, வலப்பக்கம் திரும்பப் போகிற வண்டியைப் போலக் கண் சிமிட்டியது. அவள் கைதட்டினாள். விலைக்குப் போன வருடத்துப் பழத்தை நீட்டினாள்.

"இந்தப் பொத்தானா எனக்குக் கூலி?" என்றான் கய்யூம், பழத்தைப் பார்த்து.

"இந்த வருஷம் பெருசா தர்றேன். அதுக்குத்தானே இதெல்லாம்."

தெருவே வந்து அழுத்திப் பார்த்தது. நபிஜானும் வந்து பார்த்தான், பாராட்டினான், அழுத்தவில்லை.

மேலிருந்து கீழே வரும் அடுத்த சுற்றில் தண்ணீர் வந்த நாளில் விளக்கு எரியவே இல்லை. சபோஹத் கொட்டகையில் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். மாலையில் வெளியே வந்தால், வாய்க்காலின் வாயில் சேறு அப்பியிருந்தது.

"பொத்தான் வச்சிருக்கேனே, அதை ஏன் அழுத்தல?" என்று நபிஜானின் முன்னால் போய் நின்றாள்.

நபிஜான் சிரித்தான். பல் முழுக்கத் தெரியச் சிரித்தான். "வழக்கம் தட்டத்தான் சொல்லுது அபா. பொத்தானப் பத்தி ஒண்ணும் சொல்லல. நம்ம தாத்தாமாரெல்லாம் மரத்துலதான் தட்டினாங்க. எனக்குக் கரண்டுன்னா பயம்." பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தான். அவள் பார்க்கவில்லை என்று நினைத்தான். காது போனவளுக்குக் கண் எத்தனை கூர்மையாகும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மரங்களுக்கு நடுவே நடந்தாள். காய்கள் பிஞ்சிலேயே சுருங்கத் தொடங்கியிருந்தன; ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டாள், கசந்தது. இன்னொரு முறை தவறினால் எல்லாம் உதிர்ந்துவிடும்.

திரும்பவும் கய்யூமின் காலை உதைத்தாள்.

"அபா, வாசல் வேணாம், நேரா வாய்க்கால்லயே ரெண்டு கம்பிய விட்டு..."

"வேணாம். தண்ணி வர்றது எனக்குத் தெரிஞ்சு பிரயோசனமில்ல. அவன் கூப்பிடாம நான் மடையத் தொட்டா நான்தான் கள்ளி. அவன் வாசல்ல நிக்கிறப்போ பிடிக்கணும். அந்த விரல் கதவுல இருக்குறப்போ."

இருவரும் அவள் வாசலில் நின்று தரையைப் பார்த்தார்கள். எல்லா வீட்டையும் போல அவள் வாசலிலும் வாய்க்காலின் மேல் ஒரு தட்டைக் கல் கிடந்தது. கதவைத் தட்ட வேண்டுமென்றால் அதன்மேல்தான் நிற்க வேண்டும். பறந்து வந்து தட்டினால் ஒழிய வேறு வழியில்லை.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கய்யூமின் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது.

எண்ணெய் டின்னிலிருந்து இரண்டு தகடுகளை வெட்டினார்கள். சைக்கிள் டியூபைத் துண்டாக்கி, தகடுகள் ஒன்றையொன்று தொடாதபடி ஓரங்களில் வைத்தார்கள். தண்ணீர் படாமல் பிளாஸ்டிக்கில் சுற்றி, கல்லின் ஒரு முனைக்கு அடியில் செருகினார்கள். மேலே கனம் ஏறினால் ரப்பர் அமுங்கும், தகடுகள் முத்தமிடும், உள்ளே விளக்குகள் சிமிட்டும். பூனையை நடக்க விட்டார்கள், விளக்கு எரியவில்லை. சபோஹத் ஏறி நின்றாள், எரிந்தது.

"நபிஜான் அகா தொப்பைக்கு இது ரொம்பவே போதும்," என்றான் கய்யூம், அண்ணன் என்ற மரியாதை குறையாமல். "அந்தத் தொப்பையே ஒரு பொத்தான்தான்."

கதவிலிருந்த பொத்தானை அவள் கழற்றவில்லை. துடைத்துப் பளபளவென்று வைத்தாள். அவன் அதை அழுத்தாமல் இருக்கும் சந்தோஷத்தை அவனிடமிருந்து ஏன் பறிக்க வேண்டும்?

மேலிருந்து கீழே வரும் சுற்றில் நபிஜானின் தோட்டத்துக்கு முறை வந்த அன்று காலையில் சபோஹத் அடுப்பில் பெரிய கடாயை ஏற்றினாள். கேரட்டை நறுக்கி, ஆட்டுக்கறி போட்டு, புலாவ் செய்தாள். மிரோப் ஷோதியை அழைத்தாள். புலாவ் என்றால் அசையாத மனிதரும் அசைவார் என்று அவளுக்குத் தெரியும்.

ஷோதி திராட்சைப் பந்தலின் கீழே கட்டிலில் சாய்ந்து, பச்சைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மதிய வெயில். தட்டில் புலாவ் கோபுரமாக இருந்தது. முதல் கவளத்தை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார். தந்தூருக்கு மேல் மஞ்சள் விளக்கு கண் சிமிட்டத் தொடங்கியது.

சபோஹத் உதட்டில் விரல் வைத்தாள். அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். கவளத்தோடே எழுந்து வந்தார் மனிதர். இருவரும் கதவின் உட்பக்கம் வந்து நின்றார்கள். ஷோதி தன் காதைக் கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். சபோஹத் அவர் முகத்தையே பார்த்தாள். அந்த முகம்தான் இப்போது அவள் காது. முகம் சுருங்கியது. காதைக் கதவின் மேலேயே வைத்தார். இல்லை என்று தலையை ஆட்டினார்.

அவள் கதவைச் சட்டென்று திறந்தாள்.

நபிஜானின் விரல் அந்தரத்தில் நின்றது. உதடு 'அபா' என்பதில் பாதியில் திறந்திருந்தது.

"வாங்க நபிஜான் அகா!" என்றாள் சபோஹத். அந்தக் குரல் தெருக்கோடி வரை போயிருக்கும். "புலாவ் ஆறுது. மிரோப் உங்களுக்குத்தான் காத்திருக்காரு."

ஷோதி கவளத்தை வாயில் போட்டு, நிதானமாக மென்று, விழுங்கினார். "நபிஜான், என் காது நல்ல காது. எம் பொண்டாட்டி பக்கத்து வீட்ல என்னைத் திட்டுறதுகூட எனக்குக் கேக்கும். நீ தட்டினது எனக்குக் கேக்கல."

"மணிக்கட்டுல வலி," என்றான் நபிஜான்.

"மண்வெட்டி பிடிக்கிறப்போ வலிக்கலியா?" என்றாள் சபோஹத்.

தெருவில் கதவுகள் திறந்தன, தலைகள் நீண்டன, சிரிப்பு கேட்டது. சபோஹத்துக்குக் கேட்கவில்லை, ஆனால் குலுங்கும் தோள்களைப் பார்த்தாள். பார்த்தது போதுமானதாக இருந்தது. அன்றைக்குத் தண்ணீர் அவள் மரங்களின் அடியில் மாலை வரை நின்றது.

ஆனால் ஷோதி அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு கோடைத் தண்ணீர்? போனது போனதுதான். வழக்கம்? அறுவடைக்குப் பிறகு.

"அறுவடைக்குப் பிறகு," என்று தலையாட்டினாள் சபோஹத், மிகப் பணிவாக. அடுத்த சுற்று கீழிருந்து மேலே போகும் சுற்று. அதில் முறை முதலில் அவளுக்கு. அவளுக்கு அடுத்தது நபிஜான். இத்தனை காலமும் அந்தச் சுற்றில் அவன் கதவை அவள் முஷ்டியால் இடித்துக் கூப்பிட்டிருக்கிறாள், தனக்குக் கேட்காததெல்லாம் ஊருக்கும் கேட்காது என்று நினைத்து.

அந்த நாள் வந்ததும் நல்ல துணியைத் தலையில் கட்டிக்கொண்டாள். நபிஜானின் வாசற்கல்லில் போய் நின்றாள். இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். ஒற்றை விரலை நீட்டி, சமோவாரைத் தொடுவதுபோல மரத்தைத் தொட்டாள். "நபிஜான் அகா, தண்ணி வந்திருச்சு," என்று உதட்டை அசைத்தாள். பிறகு நெஞ்சில் கை வைத்து, வானத்தைப் பார்த்து, திரும்பிப் போய் மடையைத் தன் பக்கமே வைத்துக்கொண்டாள்.

கண் சிவந்து ஓடிவந்த நபிஜான் அவளை மிரோப்பிடம் இழுத்துப் போனான். சபோஹத் ரொட்டியை இரு கையால் எடுத்தாள்.

"இந்த ரொட்டி சாட்சி. வாசல்ல போய் நின்னேன். கதவத் தட்டினேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன்."

"கூப்பிடவே இல்ல இவ! ஒரு சத்தம் இல்ல!"

"எவ்வளவு சத்தமாக் கூப்பிட்டேன்னு எனக்கெப்படித் தெரியும் அகா?" என்றாள் சபோஹத், தெருவே அதிர. "எனக்குத்தான் காது கேக்காதே!"

ஷோதி முகத்தைத் தேநீர்க் கிண்ணத்துக்குள் மறைத்துக்கொண்டார். கிண்ணம் குலுங்கியது. "வழக்கத்துல அளவு இல்ல," என்றார் ஒருவழியாக. "நீ சொன்னதுதான் நபிஜான்."

கீழிருந்து மேலே போகும் அடுத்த சுற்றிலும் அதுவே நடந்தது. நபிஜான் வாசலில் உட்கார்ந்து காவல் காத்தான். அவன் தேநீர் ஊற்ற உள்ளே போகும் வரை அவள் தன் கதவிடுக்கில் கண் வைத்துக் காத்திருந்தாள். பொறுமை அவளிடம் இரண்டு கோடைக்குச் சேர்ந்திருந்தது. வெங்காயத் தாள்கள் மஞ்சளாகிச் சாய்ந்தன. அவற்றைப் பார்த்து அவள் மனம் இரங்கியிருக்கலாம்; அவள் சுவர்மேல் கை ஊன்றி நன்றாகவே பார்த்தாள், இரங்கவில்லை.

கடைசியில் ஒருநாள் கொட்டகையில் விளக்கு சிமிட்டியது. கதவைத் திறந்தாள். நபிஜான் நின்றான், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. இந்த முறை கதவிலிருந்த பொத்தானையும் சேர்த்து அழுத்தியிருந்தான்.

"அபா. எனக்கும் அது மாதிரி ஒரு விளக்கு வேணும்."

"உங்களுக்கெதுக்கு அகா? கரண்டுன்னா பயம்னீங்களே."

"பயத்த விட வெங்காயம் பெருசு."

"விக்கிறேன். வெலை பணமா இல்ல. தண்ணியா."

பேரத்துக்கு ஷோதியை நடுவில் வைத்தார்கள். சந்தையில் செய்வதுபோல அவர் இருவர் கையையும் சேர்த்துப் பிடித்துக் குலுக்கினார். சபோஹத் அந்த வருடம் முழுக்க அவன் முறைகளைக் கேட்டாள். நபிஜான் கையை உருவப் பார்த்தான், ஷோதி விடவில்லை.

"என்ன கொல்றீங்களா? பிள்ளைங்க இருக்கு!"

"எனக்கு மரங்க இருந்துச்சு."

"ஒரு முறை தர்றேன்."

"ஒரு முறைக்குக் கய்யூம் விளக்க எட்டிக்கூடப் பாக்க மாட்டான்."

பேச்சை அவள் பாதிதான் பார்த்தாள். மீதியை அவன் கையில் படித்தாள். சந்தையில் எத்தனையோ கைகளைக் குலுக்கியவள். விலைக்கு இணங்கப் போகிறவனின் கட்டைவிரல், வாய் சொல்லும் முன்பே தளர்ந்துவிடும். இரண்டு முறை என்று அவள் சொன்னபோது அவன் வாய் "முடியவே முடியாது" என்றது, கட்டைவிரல் தளர்ந்தது. அவள் கையை ஓங்கி ஒரு குலுக்குக் குலுக்கி முடித்துவிட்டாள்.

"கல்லுக்கு அடியில தகடும் வச்சுத் தரவா?" என்று கேட்டாள். "அதுக்கு இன்னொரு முறை ஆகும்."

"வேணாம், வேணாம். பொத்தான் மட்டும் போதும்," என்றான் நபிஜான். அங்கேயும் கஞ்சத்தனம் பார்த்தான் மனிதன். சபோஹத் தலையைக் குனிந்துகொண்டாள், முகம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று.

அவன் கொடுத்த இரண்டு முறைத் தண்ணீரில் ஆப்ரிகாட் பருத்தது. கன்னம் சிவந்து, கிளை தாழ்ந்து தொங்கியது. கய்யூம் தன் கூலிக்காக ஒரு பெட்டியோடு வந்து, கடித்துப் பார்த்து, இன்னொரு பெட்டி கேட்டான்.

அதற்குப் பிறகு கீழிருந்து மேலே போன சுற்றில், தன் தோட்டம் நனைந்ததும் சபோஹத் நபிஜானின் வாசற்கல்லில் போய் நின்றாள். சன்னல் வழியே தெரிந்தது: நபிஜான் நடுவீட்டில் உட்கார்ந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். முன்னால் தேநீர் ஆறி ஆடை படிந்திருந்தது. குடிக்கக் குனிந்தால் விளக்கைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயம்.

அவள் விரல் பொத்தானை நோக்கிப் போனது. வழியில் நின்றது. வழக்கம் பொத்தானைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விரல் மரத்துக்குப் போய், சமோவாரைத் தொடுவதுபோல இரண்டு முறை தொட்டது.

உள்ளே நபிஜான் அசையவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சபோஹத் மடியிலிருந்து ஓர் ஆப்ரிகாட்டை எடுத்தாள். நிதானமாகக் கடித்தாள். சாறு மணிக்கட்டு வரை வழிந்தது. கொட்டையை அவன் வாய்க்காலில் துப்பினாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, விற்ற சரக்கு வேலை செய்யாவிட்டால் சந்தையில் பேர் கெட்டுவிடுமே என்று, பொத்தானை அழுத்தினாள்.

விளக்கு சிமிட்டியது. நபிஜான் ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடிவந்து கதவைத் திறந்தான்.

"இப்பத்தான் வந்தீங்களா அபா? இப்பத்தானே?"

"எப்பவோ வந்தேன். மரத்துல தட்டினேனே," என்றாள் சபோஹத், தன் காதைத் தொட்டு, பிறகு அவன் காதைச் சுட்டிக் காட்டி. "கேக்கலியா அகா?"